பல்லாவரத்தில் ஏறியவளுக்கு

இந்த வாரம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். பரணில் கிடந்த அட்டைப் பெட்டிகளை இறக்கிக் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒரு பெட்டியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தப் பாலாடை. மூக்கு நீண்ட, உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் பாலாடை. ஓரத்தில் லேசாக நசுங்கியிருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீ இரண்டு வாங்கினாய், ஒன்று உன் பையனுக்கு, ஒன்று என் பெண்ணுக்கு. "ரெண்டும் ஒரே மாரி கீது, மாறிப்போனாலும் யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே என் பையில் போட்டாய். அப்போது இரண்டு குழந்தைகளுக்கும் வாயால் குடிக்க அனுமதிகூட வரவில்லை. மூக்கு வழியாகப் போன டியூபில்தான் பால் இறங்கிக்கொண்டிருந்தது.

பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது. நீ இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. நினைத்தால் பஸ் ஏறிப் பதினைந்து நிமிஷத்தில் வந்துவிடக்கூடிய இடத்தில் இருந்தாய். எழுதியிருந்தாலும் உன் பையன்தான் படித்துக் காட்டியிருப்பான்.

நாம் சந்தித்தது பிரசவ வார்டில். எண்பதுகளின் கடைசி அது. நகரத்துக்குள் இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் எனக்கு, அடுத்த கட்டில் உனக்கு. மற்ற எல்லாக் கட்டிலிலும் தாயின் பக்கத்தில் ஒரு துணிச்சுருள் அசைந்துகொண்டிருக்கும். உன் பக்கத்திலும் என் பக்கத்திலும் தலையணை மட்டும்தான். நம் குழந்தைகள் இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. என்னைப் பார்க்க வந்தவர்கள் முதலில் அந்தத் தலையணையைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தை, பிறகு மேலே ஃபேனை. இரண்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறோமா, துக்கம் கேட்க வந்திருக்கிறோமா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது, ஏழாம் மாதம் முடிகிற நேரத்தில் ஆபீசில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வலி எடுத்தது. அவசரமாக அறுத்து எடுத்தார்கள். ஒன்றே கால் கிலோ. கண்ணால் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். உனக்குத் தோல் ஷெட்டில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற வேலை. தைத்துக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்ததாகச் சொன்னாய். உனக்கு அது மூன்றாவது பிள்ளை.

நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"உன்னுதும் பெட்டியிலதானாக்கா?"

"ஆமா."

"இன்னா கொழந்த?"

"பொண்ணு."

"எனக்குப் பையன். பக்கத்துப் பக்கத்துப் பெட்டியாம், ஆயா சொல்லிச்சு. அதுங்க அங்க பேசிக்கினு இருக்கட்டும், நாம இங்க பேசலாம்."

சிரித்துவிட்டேன். தையல் போட்ட இடம் பிடுங்கியது. குழந்தை பிறந்து இரண்டு நாளில் அதுதான் என் முதல் சிரிப்பு.

ஏழாம் நாள் நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் அங்கேயே இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். கைக்குழந்தை இல்லாமல் சிட்லபாக்கத்துத் தெருவில் ஆட்டோவிலிருந்து இறங்கியதை எப்படிச் சொல்வது? எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வந்து நின்றார்கள். என் மாமியார் ஆரத்தி எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள்.

மாமியார் நல்லவர்தான். ஆனால் பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். வயிற்றை அறுத்திருக்கிறது, ரயில் காற்று உடம்புக்கு ஆகாது என்றார்கள். அதனால் பால் மட்டும் போயிற்று. காலையில் நான் பீய்ச்சி எடுத்துக் கொதிக்க வைத்த பாட்டிலில் ஊற்றித் தருவேன். என் கணவர் அதை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கதவுக்கு வெளியே நின்று ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அப்படியே கிண்டியில் வேலைக்குப் போவார். அவரை உள்ளே விடவில்லை. மாலையில் வந்ததும் கேட்பேன்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கான்னு சொன்னாங்க."

"எடை?"

"கேக்கல. ரொம்ப பிஸியா இருந்தாங்க."

அவருக்கும் பாவம், எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டு, மோசமாக ஏதாவது சொல்லிவிட்டால்? அந்த 'நல்லா இருக்கா'வைப் பத்திரமாக வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவரால் முடிந்தது. நான்கு நாள் இப்படியே போனது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நீ வந்தாய். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வீடு என்று நான் வார்டில் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, தெருத்தெருவாக விசாரித்து, 'பெட்டியில் குழந்தை இருக்கிற வீடு எது' என்று கேட்டே கண்டுபிடித்து வந்தாய். வெயிலில் முகம் கறுத்திருந்தது. செருப்பை வாசலில் விட்டாய். உள்ளே வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

"உன் பொண்ண நான் தினமும் பாக்குறேன்க்கா. இன்னா மொறைப்பு மொறைக்கிறா தெரியுமா? என் பையன் தூங்குமூஞ்சி. இவ அப்படியில்ல. கைய நீட்டி நீட்டி எத்தையோ தேடுறா."

எனக்கு அழுகை வந்தது. நீ என் மாமியார் பக்கம் திரும்பினாய்.

"அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. பால் போவுது, தாயி போவல. அங்க வர்றவங்கல்லாம் மூஞ்சிய மூடிக்கினு வராங்க, ஊசி போடறாங்க, போயிடறாங்க. அந்தக் கொழந்தைக்கு யாரு கொரலும் தெரியாது. இவங்க கொரல மட்டும் ஏழு மாசமா கேட்டிருக்குது."

மாமியார் சமையலறைக்குப் போனார்கள். உனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார்கள். அது எங்கள் வீட்டு டம்ளர் இல்லை. கொல்லைப்புறத்தில் வேலைக்காரர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடி டம்ளர். உனக்குத் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நீ ஊதி ஊதிக் குடித்து முடித்தாய். கொல்லைக்குப் போய் நீயே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாய்.

பல வருஷம் கழித்து அதைப் பற்றி உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தேன்க்கா. அன்னைக்கு எனக்குக் காபிதான் வேணும், டம்ளர் வேணாம்" என்றாய். பிறகு, "நீ அப்பவே சொல்லியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றும் சொன்னாய். இரண்டையும் நான் மறக்கவில்லை.

நீ கிளம்பும்போது மாமியார் வாசல் வரை வந்தார்கள். "எந்த ரயில்ல போற நீ?" என்று கேட்டார்கள். "எட்டே காலுக்கு பல்லாவரம் வர்ற வண்டிம்மா, லேடீஸ் பெட்டி" என்றாய். மறுநாள் காலையில் மாமியார் ஒரு பழைய பருத்தித் துண்டை என் காதைச் சுற்றி இறுகக் கட்டி, இட்லிப் பொட்டலம் இரண்டு கட்டிக் கையில் கொடுத்தார்கள். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவளுக்கு" என்றார்கள். அத்தோடு முப்பது நாள் பேச்சு முடிந்தது.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் என்னை என் கணவர் ஏற்றிவிடுவார். குரோம்பேட்டை தாண்டி, பல்லாவரத்தில் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே நான் வாசற்பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். நீ ஏறுவாய். ஆபீஸ் போகிற பெண்கள் என் காதுத் துண்டைப் பார்த்து இடம் விடுவார்கள். "பச்ச ஒடம்புக்காரி, கொஞ்சம் நவுந்துக்கோ" என்று நீ எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் பிடித்துத் தருவாய். உன் உடம்பும் பச்சை உடம்புதான் என்று யாருக்கும் தோன்றாதபடி நின்றுகொண்டே வருவாய்.

முதல் நாள் ரயிலில் நீ சொன்னாய்: "அக்கா, அங்க போனா ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேக்கணும். பத்து கேட்டா ஓடிடுவாங்கோ. ஒண்ணு கேட்டா நின்னு சொல்லுவாங்கோ."

எந்தக் கேள்வி என்பதைப் பரங்கிமலை வருவதற்குள் நாம் முடிவு செய்ய வேண்டும். ஆபீசில் எனக்குக் கொடுத்த சின்ன டைரியில் நான் எழுதுவேன். கேட்பது நீ. எனக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். படித்தவள், தினமும் அதிகாரிகளின் கடிதங்களைத் தட்டச்சு செய்கிறவள், என்னால் முடியவில்லை. நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிஸ்டர் மருந்து ட்ரேயைக் கீழே வைக்கிற அந்த ஒரு நொடியைப் பார்த்துக் கேட்பாய்.

முதல் கேள்வி எடையைப் பற்றி. "எல்லாக் குழந்தையும் மொதல்ல எளைக்கும்மா, அப்புறம்தான் ஏறும். இன்னைக்கு ரெண்டு பேரும் இருபது கிராம் ஏறியிருக்காங்க" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான். பத்து நொடிப் பேச்சு. முதல் வாரமே யாராவது இதைச் சொல்லியிருந்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நான்கு நாள் எனக்கு மிச்சமாகியிருக்கும். அவர்கள் வேண்டுமென்று மறைக்கவில்லை. இருபது குழந்தைகள், இரண்டு சிஸ்டர். குழந்தைகளைப் பார்க்கவே கை போதவில்லை. வெளியே நிற்கிற தாய்மார்களுக்கும் ஏதாவது தேவை இருக்கும் என்று நினைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

நீதான் அந்தத் தேவைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். பால் பீய்ச்ச இடமில்லை, கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டியிருந்தது. துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலை காலியாகக் கிடந்ததை நீ பார்த்தாய். ஆயாவிடம் சிரித்துப் பேசி ஒரு ஸ்டூல் வாங்கினாய். உன் பழைய சேலையை அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே கட்டினாய். பிறகு திண்டிவனத்திலிருந்து வந்து மாடிப்படியில் படுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்த ஸ்டூலில் உட்கார வைத்தாய். மாமியார் கட்டிக்கொடுத்த இட்லியில் உன் பங்கில் பாதி அவளுக்குப் போயிற்று. மறுநாள் நான் மூன்று பொட்டலம் கேட்டேன். மாமியார் காரணம் கேட்கவில்லை.

அப்பாக்களையும் நீ விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் உன் வீட்டுக்காரரும் கதவுக்கு வெளியே தூணோடு தூணாக நின்றிருந்தார்கள். நீ பெரிய சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், அப்பன்னு ரெண்டு பேரு நின்னுகினு கீறாங்கோ. தெனமும் பால் தூக்கினு வராங்கோ. யாருக்குத் தூக்கினு வரோம்னு ஒரு தபா பாக்கட்டுமே" என்றாய். பெரிய சிஸ்டர் கண்டிப்பானவர். உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம். கைய முழங்கை வரைக்கும் கழுவணும்" என்றார். என் கணவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, "அவளுக்கு என் காது" என்றார். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் நீ எனக்குச் செய்த பெரிய காரியம் வேறு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளே போக ஆரம்பித்த முதல் நாட்களில் நான் என் பெண்ணைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்கு முன்னால் நிற்பேன். மேலே தொங்குகிற பாட்டிலைப் பார்ப்பேன், டியூபைப் பார்ப்பேன், இயந்திரத்தின் முள்ளைப் பார்ப்பேன். அவள் முகத்துக்கு மட்டும் கண் போகாது. இரண்டு தடவை இழந்தவள் நான். இதுவும் போய்விட்டால் ஞாபகத்தில் ஒரு முகம் இல்லாமல் இருப்பது நல்லது என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

நீ பக்கத்துப் பெட்டியிலிருந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "நீ அவள பாக்காம மெஷினையே பாத்துக்கினு கீற."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். அதுக்கின்னா? அவ இன்னிக்கு கீறா இல்ல? இன்னிக்குப் பாரு."

பிறகு அன்றைக்கான கேள்வியை நீயே மாற்றிக்கொண்டாய். டைரியில் நாம் எழுதியிருந்தது மஞ்சள் காமாலையைப் பற்றி. நீ கேட்டது, "சிஸ்டர், தொடலாமா?" என்று.

வளையலைக் கழற்றி நீதான் வாங்கி வைத்துக்கொண்டாய். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவு வழியாகக் கையை விட்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. "தடவாதீங்க, சும்மா கைய வெச்சுக்கிட்டா போதும்" என்றார் சிஸ்டர். தலையில் ஒரு கையும் காலில் ஒரு கையுமாக வைத்தேன். தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. துடித்துக்கொண்டிருந்த கால் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அவள் முகத்தைப் பார்த்தேன். புருவம் சுருங்கியிருந்தது. நீ சொன்னது சரிதான், முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். என் பெண்ணை நான் பெற்றது அறுவை மேஜையில் இல்லை, அன்றைக்குக் காலையில்தான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

மூன்றாவது வாரம் உன் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. கிருமி தொற்றியிருக்கிறது என்றார்கள். பாலை நிறுத்தினார்கள். மறுபடி ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தபோது நீ வாய் ஓயாமல் பேசினாய், சந்தையில் கத்தரிக்காய் விலையைப் பற்றி.

மறுநாள் பல்லாவரத்தில் வண்டி நின்றது. வாசலில் உன்னைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மடியில் பால் பாட்டில் இருந்த பை. வண்டியைப் பார்க்கிறாய், ஆனால் எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்வதற்குள் நான் இறங்கிவிட்டேன். தையல் போட்ட வயிற்றோடு எப்படி அவ்வளவு வேகமாக இறங்கினேனோ தெரியாது.

"நான் வர்லக்கா" என்றாய். "போனா சொல்லிடுவாங்க. போவாம இருந்தா சொல்ல முடியாது இல்ல?"

எல்லாருக்காகவும் கேட்ட வாய் அது. அன்றைக்கு உதடு வெடித்து வறண்டிருந்தது. நீயாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து காதுத் துண்டை அவிழ்த்து உன் முகத்தைத் துடைத்தேன். இரண்டு வண்டிகள் வந்து போயின. மூன்றாவது வண்டி வந்தபோது, "நீ கேக்க வேணாம். படியில உக்காரு. நான் கேக்கறேன்" என்றேன்.

"நீயா?" என்றாய். அந்த நிலையிலும் உனக்கு ஆச்சரியம்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உன்னை உட்கார வைத்துவிட்டு நான் மேலே போனேன். டாக்டர் வெளியே வந்துகொண்டிருந்தார். இளைஞர், தூங்காத கண்கள். அவர் போகிற வழியில் போய் நின்றேன்.

"டாக்டர், அந்த ஏழாம் பெட்டிப் பையன். அவங்க அம்மா கீழ இருக்காங்க. மேல வரப் பயப்படறாங்க. அவங்களுக்காக நான் கேக்கறேன். பையன் எப்படி இருக்கான்?"

"நீங்க யாரு?"

"அக்கா."

என் நெற்றிக்குறியையும் பேச்சையும் கவனித்திருப்பார். உன் பேச்சும் அவருக்குத் தெரியும், நாம் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று புரிந்திருக்கும். ஆனாலும் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். ஒரு டாக்டர் உட்கார்ந்து எங்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மருந்த மாத்தியிருக்கோம். காலையிலேருந்து காய்ச்சல் ஏறல. இன்னும் ரெண்டு நாள் தாண்டணும். தாண்டிடுவான்னு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா நேத்தைக்கு இன்னைக்குத் தேவல. பால் மறுபடி ஆரம்பிக்கும்போது அம்மா பால்தான் வேணும், அத நிறுத்திட வேணாம்னு சொல்லுங்க. அவங்கள மேல வரச் சொல்லுங்கம்மா. கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

நான் படியில் இறங்கி வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்று நீ திருப்பிச் சொன்னாய். இரண்டு தடவை சொன்னாய். பிறகு எழுந்து முந்தானையைச் செருகினாய்.

மூன்றாம் நாள் அவனுக்குப் பால் ஆரம்பித்தார்கள். இரண்டு மில்லி. திண்டிவனத்துப் பெண் உட்பட வராந்தாவில் நின்ற எல்லாரும் அந்த இரண்டு மில்லிக்காகச் சிரித்தோம்.

அந்த டாக்டர் அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு வராந்தாப் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார ஆரம்பித்தார். தாய்மார்கள் வரிசையாகப் போய்க் கேட்டோம். அவராகவே செய்தாரா, நாம் கேட்டதால் செய்தாரா என்று தெரியாது. நீ மட்டும், "எல்லாம் அக்கா போய் நின்னதுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முப்பத்தெட்டாம் நாள் என் பெண் வீட்டுக்கு வந்தாள். உன் பையன் அதற்கு ஒன்பது நாள் கழித்து. அந்த ஒன்பது நாளும் மாமியார் என்னை வீட்டில் நிறுத்திவிட்டு, பேத்திக்குப் பாலாடையில் எப்படிப் பால் புகட்டுவது என்று கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இட்லிப் பொட்டலம் நிற்கவில்லை. என் கணவர் எட்டே கால் வண்டியில் ஏறி, பல்லாவரத்தில் உன்னிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போவார். நீ உன் பையனைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மாமியார் காபியை எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார்கள். நீ மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டாய்.

தொண்ணூறுகள் எல்லாம் இந்தப் பிள்ளைகள் வளர்ந்த வருஷங்கள்தான். இரண்டு பேருக்கும் பிறந்தநாள் இரண்டு நாள் வித்தியாசம். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, நடுவில் விழுகிற நாளில், வண்டலூருக்கு அழைத்துக்கொண்டு போவோம். என் பெண் யானையைப் பார்த்தும் முறைப்பாள். உன் பையன் நீர்யானைக் குட்டையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நகரமாட்டான். ஐந்து வயதில் அவனுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்றார்கள். நீ கவலைப்படுவாய் என்று நினைத்தேன். "படிச்சவன் மாரி கீறான்" என்று பெருமைப்பட்டாய். பிறகு அவன் நிஜமாகவே படித்தான். ஷெட்டில் நீ மேற்பார்வைக்காரி ஆனாய். கையெழுத்துப் போட என் பெண்ணின் இரட்டைக்கோடு நோட்டில் பழகினாய். என் பெண் உன்னைச் சித்தி என்றாள். உன் பிள்ளைகள் மூவரும் என்னைப் பெரியம்மா என்றார்கள். நாம் யாரும் அதைச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

நீ போனது போன ஆடியில். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கடைசி மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போவாய், நானும் கூட வருவேன். பேசாமல் இருக்கும் வழக்கம் உனக்கு அப்போதும் கிடையாது. பக்கத்துப் படுக்கைக்காரர்களின் குடும்பக் கதை எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று உன் பையன் ஆறடி உயரத்தில் முன்னால் நடந்தான். கூட்டத்தில் யாரோ, "இவன் பொறந்தப்ப ஒரு கைக்குள்ள இருந்தானாம்" என்று சொன்னார்கள். எனக்கு அழுகைக்கு நடுவே நிறைவாகவும் இருந்தது. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தைரியம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது எனக்கு வந்து வந்து போகிறது. நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது உன் பேச்சுதான். நாற்பது வருஷம் ஆபீசில் சுத்தமான தமிழில் கடிதம் தட்டச்சு செய்து, சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவள் நான். பதற்றம் வந்தால் மட்டும் எனக்கே தெரியாமல் பல்லாவரம் வந்துவிடுகிறது.

போன வாரம் பெண் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரே குழப்பம். நான் யோசிக்கவே இல்லை. "இன்னாத்துக்கு இப்ப பேஜாராவுற? மொதல்ல துன்னியா? துன்னுட்டு வண்டி ஏறி வூட்டுக்கு வா, பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அம்மா, இது நீங்க பேசல. சித்தி பேசறாங்க" என்றாள்.

நான் திருத்திக்கொள்ளவில்லை. அடுத்ததையும் அப்படியே பேசினேன்.